லெட்டர் எழுதிக் கொடுத்தால் எது போகும், எது நிற்கும்? வேலையை விடுமுன் ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, மூக்கையூர் என்று நம் ராமநாதபுரம் கரை முழுக்க அந்த நாட்களில் கைக்கு வரும் தடைக்கால நிவாரணம் எல்லாருக்கும் பழகிய பணம். 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பணத்தை வாங்கப் போகிறவரிடம் "ஏன் கடலுக்குப் போகவில்லை?" என்று யாரும் கேட்பதில்லை. போகக் கூடாது என்று சொன்னதே அரசுதான்.

இந்தப் பழக்கத்திலேயே வளர்ந்த பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ஐந்தாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்கிறார்கள். வந்த பிறகு, "இ.எஸ்.ஐ.யில வேலை இல்லாதவுகளுக்குக் காசு தர்றாகளாமே, எப்படி வாங்குறது?" என்று விசாரிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டு அலுவலகம் முதலில் பார்ப்பது வேலை எப்படிப் போனது என்பதைத்தான். தானாக விட்டவருக்கு அந்தக் காசு கிடையாது. எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் தாள் அதை முடித்துவிட்டிருக்கும்.

அதற்காக, தானாக விட்டால் எல்லாமே போய்விடும் என்று பயப்படவும் வேண்டாம். சில பணம் நீங்கள் ஏன் விட்டீர்கள் என்று பார்க்கும். சில பணம் பார்க்காது. எது எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் யாருக்கு இந்தப் பேச்சே பொருந்தும் என்பது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற, இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வந்த நிறுவனம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள். சம்பளத்தில் 0.75 சதவீதம் உங்களிடமிருந்தும் 3.25 சதவீதம் முதலாளியிடமிருந்தும் போகும். சம்பளச் சீட்டில் இந்தப் பிடித்தம் இல்லையென்றால் இ.எஸ்.ஐ. பற்றி இங்கே சொல்லும் எதுவும் உங்களுக்கு ஆகாது. படகில் பங்குக்குப் போகிறவர், ஐஸ் கம்பெனியில் நாள்கூலிக்கு நிற்பவர், நண்டு உடைக்கப் போகும் பெண்கள் பலருக்கும் இந்தக் காப்பு இல்லை. அது பெரிய குறை. ஆனால் இன்றைக்குள்ள நிலை அதுதான்.

இ.எஸ்.ஐ.யில் வேலையிழந்தவருக்கு இரண்டு திட்டங்கள் உண்டு. ஒன்று, 2018 ஜூலையில் வந்த அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. வாழ்நாளில் மொத்தம் 90 நாளைக்கு, சராசரித் தினக்கூலியில் பாதி. தொடக்கத்தில் கால் பங்காக இருந்தது, 2020-ல் பாதியாக உயர்த்தினார்கள். வேலை போவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். கடைசி ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள், அந்த இரண்டு வருடத்தின் மற்ற மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை, பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். இந்தத் திட்டத்தைக் குறிப்பிட்ட தேதி வரை என்று வைத்து, முடிய முடிய நீட்டித்து வந்திருக்கிறார்கள். ஆகவே விண்ணப்பிக்கிற மாதத்தில் அது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று பழையது, 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி சிரமிக் கல்யாண் யோஜனா. கம்பெனியை மூடினாலோ, சட்டப்படி ஆட்குறைப்பு செய்தாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத காயத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம் வந்தாலோ இது பொருந்தும். முதல் 12 மாதம் கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலம் முழுக்கக் குடும்பத்துக்கும் சேர்த்து இ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு. இது பலருக்குத் தெரியாது. 90 நாள் திட்டத்தை மட்டும் கேள்விப்பட்டு, அதைவிடப் பெரியதை விட்டுவிடுகிறார்கள். ஒரே வேலையிழப்புக்கு இரண்டையும் சேர்த்து எதிர்பார்க்காதீர்கள். உங்கள் நிலைக்கு எது ஆகும் என்று முதலில் பெரியதைக் கேளுங்கள்.

இரண்டு திட்டத்துக்கும் பொதுவான கதவு ஒன்று உண்டு. தானாக வேலையை விட்டவர், சொல்லாமல் நின்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர், ஓய்வு வயதை எட்டியவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர் யாரும் உள்ளே போக முடியாது. 

அந்தக் கதவின் விலை என்ன என்று கணக்காகப் பார்த்தால்தான் புரியும். மாதம் 18,000 ரூபாய், அது முழுவதும் அடிப்படையும் பஞ்சப்படியும் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருட சர்வீஸ். ஆர்டர் இல்லை, ஆளைக் குறைக்க வேண்டும் என்று கம்பெனி முடிவு செய்திருக்கிறது.

தானாக எழுதிக் கொடுத்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வரும்: 18,000 பெருக்கல் 15, வகுத்தல் 26, பெருக்கல் 6. ஏறக்குறைய 62,300 ரூபாய். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதித் தொகை வரும். நின்ற நாள் வரைக்குமான சம்பளம் வரும். அவ்வளவுதான்.

கம்பெனி ஆட்குறைப்பு என்று எழுத்தில் கொடுத்து அனுப்பினால், அந்த 62,300-ம் பி.எஃப்.பும் சம்பளமும் அப்படியே வரும். அதற்கு மேல், ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்குப் பதில் 18,000. வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் என்ற கணக்கில் இழப்பீடு, ஆறு வருடத்துக்கு 54,000. இ.எஸ்.ஐ.யில் 90 நாள் திட்டம் என்றாலும், கடைசி நான்கு பங்களிப்புக் காலத்தின் மொத்தக் கூலியை 730-ஆல் வகுத்து, அதில் பாதி என்ற கணக்கில் சுமார் 26,600. கூட்டினால் கிட்டத்தட்ட 98,600 ரூபாய். பழைய திட்டம் பொருந்தினால் இ.எஸ்.ஐ. பங்கு மட்டுமே முதல் வருடம் மாதம் 9,000 அளவில் வரும். இது போக, ஆட்குறைப்பு செய்யப்பட்ட தொழிலாளிக்கு மறுதிறன் பயிற்சிக்காக 15 நாள் கூலிக்குச் சமமான தொகையை முதலாளி தர வேண்டும், 45 நாளுக்குள் அது தொழிலாளியின் கணக்கில் சேர வேண்டும் என்று புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு சொல்கிறது.

ஆக, ஒரே ஆள், ஒரே நாள், ஒரே கம்பெனி. தாளை யார் எழுதுகிறார் என்பதில் ஒரு லட்சம் ரூபாய் இருக்கிறது. வாடகை கொடுத்துக்கொண்டு அடுத்த வேலை தேடுகிற குடும்பத்துக்கு அது ஐந்தாறு மாதச் சோறு.

இது கம்பெனிகளுக்கும் தெரியும். அதனால்தான் எச்.ஆரில் கூப்பிட்டு உட்காரவைத்து, அன்பாகவே பேசுவார்கள். "நீயே எழுதிக் குடுத்துரு தம்பி. நாங்க அனுப்புனதா இருந்தா அடுத்த கம்பெனியில கேப்பாங்க. எழுதிக் குடுத்தா செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்." வெளியூரில் தனியாக நிற்கிற இருபத்தைந்து வயசுப் பையனுக்கு இது நல்ல மனதோடு சொன்ன யோசனை மாதிரியே கேட்கும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, நீங்கள் விட்டாலும் அவர்கள் அனுப்பினாலும் கம்பெனியை மூடினாலும், சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தந்துவிட வேண்டும். எழுதிக் கொடுப்பதால் வேகமாக வர வேண்டிய பணம் என்று தனியாக ஒன்று கிடையாது.

அப்போது என்ன சொல்வது? சண்டை போட வேண்டியதில்லை. "நான் வேலையை விடல சார். வேலை இல்லைன்னு நீங்க சொல்றீங்க, அதை எழுத்துல குடுங்க" என்று மரியாதையாகக் கேட்டால் போதும். தாள் தராமல் கேட்டில் நிறுத்தினால், "இன்று வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று அன்றைக்கே மின்னஞ்சலிலோ ஸ்பீடு போஸ்டிலோ அனுப்பி, அதன் நகலோடு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போகலாம். கெடு வைத்து மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால், நடந்ததை உடனே எழுதி அனுப்புங்கள். மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்புவது கடினம்.

கம்பெனி மாதாமாதம் இ.எஸ்.ஐ. கணக்கைப் பதியும்போது, நின்றவர் பெயருக்கு எதிரே காரணம் ஒன்றைக் குறிக்கும். வேலையை விட்டார் என்பது ஒரு காரணம், ஆட்குறைப்பு என்பது வேறொரு காரணம். நீங்கள் கையில் வைத்திருக்கும் தாளும் அந்தப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். நின்ற மாதமே இ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தானாக விட்டுவிட்டு, கணக்குப் பிள்ளையிடம் பேசி ஆட்குறைப்பு என்று போடச் சொல்லிப் பணம் வாங்குவது குற்றம். பொய் சொல்லி இ.எஸ்.ஐ. பலன் பெற்றால் சிறை வரை போகலாம். அதில் தண்டனை பெற்றவருக்கு இந்தத் திட்டமும் கிடையாது. நியாயமாக வர வேண்டியதை விடவும் வேண்டாம், வராததைத் திருகி வாங்கவும் வேண்டாம்.

சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்துவிடுவது நம் பிள்ளைகளிடம் உள்ள இன்னொரு வழக்கம். பொங்கலுக்கோ ஏர்வாடி சந்தனக்கூட்டுக்கோ லீவு போட்டு வந்தவர்கள் திரும்பிப் போவதே இல்லை. எல்லா வழியிலும் மோசமான வழி இதுதான் என்பேன். இ.எஸ்.ஐ. பார்வையில் இதுவும் தானாக விட்டதே. அதோடு கடைசிச் சம்பளம் நின்றுவிடும், அதைக் கேட்கப் போவதற்கும் கூச்சமாக இருக்கும். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதி ஏறாமல் கிடக்கும், அது இல்லாமல் முழுப்பணத்துக்கு மனு போட முடியாது. கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து, ஆதாரோடு இணைந்த கைபேசி எண்ணை வைத்து அந்தத் தேதியை நீங்களே ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு வசதி. பழைய சிம்மைத் தூக்கிப் போட்டவருக்கு அதுவும் சிக்கல். விடத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, வாங்கிக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.

விடுவதற்கும் இருப்பதற்கும் நடுவில் ஒரு வழி உண்டு. அதை எண்ணிப் பார்க்காமலேயே நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

உடம்புக்கு முடியாமல் வேலையை விடுகிறவர்கள் முதலில். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவியாக வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருக்க வேண்டும். காசநோய், புற்றுநோய் போன்ற பட்டியலிட்ட நீண்டகால நோய்கள் என்றால் 80 சதவீதமாக, இரண்டு வருடம் வரை நீளும். வேலையை விட்டால் வேலையில்லாத காசு ஒரு பைசா வராது, விடாமல் இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் சான்று வாங்கினால் பாதிக்கு மேல் கூலி வரும். இந்த உதவி வாங்கிக்கொண்டிருக்கும் காலத்தில் முதலாளி உங்களை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று பழைய இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொன்னது; 2025 நவம்பரில் புதிய தொகுப்பு வந்தபின் நிலை என்ன என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை காப்பு இருக்கும்போது, முதுகுவலிக்கும் மஞ்சள்காமாலைக்கும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது பெண்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு அம்மா வீட்டுக்கு வருவது நம் பக்கம் எழுதாத சட்டம் போல இருக்கிறது. மாமியாரும் சொல்வார், அம்மாவும் சொல்வார், கம்பெனி சூப்பர்வைசரும் "ரெஸ்ட் எடும்மா" என்பார். முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள் கட்டியிருந்தால், முதல் இரண்டு பிள்ளைக்கும் 26 வாரம் முழுக்கூலி இ.எஸ்.ஐ.யே தரும். மாதம் 15,000 வாங்குகிற பெண்ணுக்கு 182 நாள் என்றால் 91,000 ரூபாய். இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். ஊருக்கு வரட்டும், அம்மா வீட்டிலேயே இருக்கட்டும். பிறகு வேலைக்குத் திரும்ப விருப்பமில்லாமலும் போகட்டும். ஆனால் அந்த முடிவை 26 வாரம் முடிந்த பிறகு எடுக்கட்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால், இதைத் தங்கச்சிமாருக்கும் மதினிமாருக்கும் அனுப்புங்கள். வேலையை விட்ட பிறகு கேட்டுப் போராடுவதைவிட, விடும் முன் கிளை அலுவலகத்தில் கேட்பது எவ்வளவோ மேல்.

பி.எஃப்., பணிக்கொடை இரண்டுக்கும் நீங்கள் ஏன் விட்டீர்கள் என்ற கவலை கிடையாது. எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதுதான் அங்கே பேச்சு. 

பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேண்டும். நான்கு வருடம் முடித்து ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலும் தகுதி உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுத்தவர்களுக்கு, புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் ஒரு வருடம் போதும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு வருடமாகக் கணக்காகும். ஆகவே நான்கே முக்கால் வருடத்திலும், ஐந்து வருடம் ஐந்து மாதத்திலும் நிற்கிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பி.எஃப்.பில் நெடுங்காலம் இருந்த விதி, வேலையில்லாமல் ஒரு மாதம் ஆனால் 75 சதவீதம், இரண்டு மாதம் ஆனால் மிச்சமும் எடுக்கலாம் என்பது. 2025 அக்டோபர் 13-ல் கூடிய மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவு செய்தது: 75 சதவீதத்தை உடனே எடுக்கலாம், மீதி 25-ஐ எடுத்துக் கணக்கை முடிக்க 12 மாதம் காத்திருக்க வேண்டும், ஓய்வூதியப் பங்கை எடுக்க 36 மாதம். மனு போடும் நாளில் தளத்தில் எது நடப்போ அதன்படிதான் கிடைக்கும்; முழுப்பணமும் இரண்டு மாதத்தில் வரும் என்று நம்பி யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் ஆகாமல் 50,000 ரூபாய்க்கோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் எண் இல்லையென்றால் 20. பழைய கம்பெனிக் கணக்கைப் புதியதோடு சேர்த்திருந்தால் அந்த வருடங்களும் இந்த ஐந்தில் சேரும்.

ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம். ஒன்பதரை ஆகிவிட்டால் பத்தாகவே கணக்கிடுவார்கள். ஒன்பதே கால் வருடத்தில் கோபித்துக்கொண்டு விடுகிறவர் 58 வயதில் வரவேண்டிய மாதப்பணத்தை இழக்கிறார். அப்படியே விட நேர்ந்தாலும் ஓய்வூதியப் பங்கை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், வேறொரு வேலையில் சேரும்போது பழைய வருடங்கள் உயிரோடு இருக்கும்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் சபுராளிகள், அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள், இருக்கும் வீடுகளில் இதே கேள்வி வேறு மாதிரி வரும். வளைகுடா என்று ஒரே பேராகச் சொன்னாலும் நாட்டுக்கு நாடு விதி வேறு.

அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹத்துக்குள் இருப்பவருக்கு மாதம் 5 திர்ஹம்தான். வேலை போனால் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், அதிகபட்சம் மூன்று மாதம். தொடர்ந்து 12 மாதம் கட்டியிருக்க வேண்டும், வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும், அந்த நாட்டில் முறையாக இருக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. 1,500 திர்ஹம் அடிப்படை வாங்குபவருக்கு இது 900 வீதம் 2,700 திர்ஹம். வேலை போன மறுநாளே டிக்கெட் போட்டு ஊர் வந்துவிட்டால், ராஜினாமா செய்யாதவருக்கும் இது கைவிட்டுப் போகும்.

ஆனால் அங்கே பணிக்கொடை ராஜினாமாவைப் பொருட்படுத்துவதில்லை. 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தில், ஒரு வருடம் முடித்தவர் தானாக விட்டாலும் முழுத்தொகை: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள், அதற்கு மேல் 30 நாள். அதே 1,500 திர்ஹத்துக்கு ஆறு வருடம் என்றால் 6,750. ஆகவே துபாயில் இருப்பவர் தானாக விடும்போது இழப்பது பெரும்பாலும் அந்த 2,700 மட்டுமே. நல்ல வேலை கையில் இருந்தால் அதற்காகத் தயங்க வேண்டியதில்லை.

சவூதியில் நிலைமை தலைகீழ். அங்கே வேலையிழப்புக் காப்பீடு சவூதிக் குடிமக்களுக்குத்தான், நம்மவருக்கு அதில் பேச்சே இல்லை. பணிக்கொடையிலோ ராஜினாமா நன்றாகவே வெட்டும். இரண்டு வருடத்துக்குள் விட்டால் ஒன்றுமில்லை. ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு. பத்து வருடம் வரை மூன்றில் இரண்டு. பத்து முடித்தால்தான் முழுவதும். 1,500 ரியாலுக்கு ஆறு வருடம் உழைத்தவருக்கு முழுக்கணக்கு 5,250. ராஜினாமா எழுதினால் 3,500. "காக்கா (அண்ணே), கான்ட்ராக்ட் எப்ப முடியுது?" என்பதுதான் அங்கிருந்து போன் பேசுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது. நடுவில் ராஜினாமா எழுதுவதைவிட, ஒப்பந்தம் முடிகிற தேதிக்குப் புதுப்பிக்கவில்லை என்று முறையாக முன்கூட்டிச் சொல்லிவிட்டு முழுப் பணிக்கொடையோடு வருவது நல்லது.

ஊருக்கு வந்த பிறகு கிடைப்பவை பற்றிச் சுருக்கமாக. மாநில அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை நீங்கள் எப்படி வேலையை விட்டீர்கள் என்று கேட்காது. ஆனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருடம் 72,000 ரூபாய்க்குள், வயது 40-க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45-க்குள். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600, மூன்று வருடத்துக்கு. இதை நம்பி யாரும் வேலையை விட முடியாது. ஆனாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதை வெளியூரில் இருந்தாலும் விடாதீர்கள். விட்டால் அந்த ஐந்து வருடக் கணக்கு கெட்டுப்போகும்.

கடல் தொழிலுக்கே திரும்புகிறவருக்குத் தடைக்கால நிவாரணம் போக, மீன்பிடி குறைந்த காலத்துக்கு 6,000 ரூபாயும், தன் பங்கு 1,500 கட்டினால் 4,500 ஆகத் திரும்பும் சேமிப்பு நிவாரணமும் உண்டு. இவை மீன்பிடித்தலையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உள்ள குடும்பங்களுக்கானவை. கம்பெனிச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தப் பட்டியலில் பெயர் வைத்திருப்பது உண்மையான கடலாடியின் பங்கில் கைவைப்பது. வந்து தொழிலில் இறங்கிய பின் சங்கத்தில் பேசிக்கொள்ளலாம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்குத் திரும்புகிறவர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் தனியாக இருக்கிறது.

இனி என் முடிவு. ஆள் வேண்டாம் என்று கம்பெனியே சொல்கிற இடத்தில், எழுதிக் கொடுப்பதா காத்திருப்பதா என்றால் ஐயமே இல்லை, காத்திருங்கள். அடுத்த வேலைக்கான கடிதம் கையில் இருந்தால் தாராளமாக விடுங்கள். வேலையில்லாத காசு உங்களுக்கானதே இல்லை, பி.எஃப். கணக்கை மட்டும் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டு போங்கள். உடம்பு, பிரசவம் என்றால் விடாதீர்கள்.

மனசு கனப்பது இன்னொருவருக்காக. வாப்பாவோ அம்மாவோ படுக்கையில், பார்க்க ஆளில்லை, ஊருக்கு வந்தே ஆக வேண்டும். இந்தக் காரணத்துக்கு இ.எஸ்.ஐ.யில் எந்தப் பணமும் இல்லை. உண்மையிலேயே வேறு வழியில்லாமல் விடுகிறவரையும் சும்மா விடுகிறவரையும் இந்தத் திட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. அது மாற வேண்டும் என்பதே என் எண்ணம். மாறும் வரைக்கும் அவருக்கு உள்ள வழி, சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கேட்பது. வேலையில் இருந்துகொண்டே பெற்றோர் சிகிச்சைக்காக பி.எஃப்.பில் முன்பணம் எடுக்கலாம், அதற்கு வேலையை விடத் தேவையில்லை. விடுப்பு முடிந்தும் திரும்ப முடியாது என்று ஆகிவிட்டால், பணிக்கொடைக்கான ஐந்து வருடமும் ஓய்வூதியத்துக்கான ஒன்பதரை வருடமும் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று பார்த்து, ஒரு மாத முன்னறிவிப்போடு எழுதிக் கொடுங்கள். இ.எஸ்.ஐ. எண், யு.ஏ.என். என்கிற பி.எஃப். எண், கடைசி மூன்று சம்பளச் சீட்டு, கையெழுத்து வாங்கிய கடித நகல் இவற்றை வீட்டில் ஒரே கவரில் வையுங்கள். ஆதாரோடு இணைத்த சிம்மை மட்டும் ரீசார்ஜ் இல்லாமல் விட்டுவிடாதீர்கள்.